லென்ஸ் அக்கா பார்த்துவிடுவார்

விருதுநகரிலிருந்து சிவகாசி வரைக்கும் ஒரு தலைமுறைப் பிள்ளைகளை ஒழுங்குபடுத்தியது பள்ளிக்கூடமும் இல்லை, போலீஸும் இல்லை. எங்கள் கல்லூரி ஆபீஸில் எனக்கு அடுத்த மேஜையில் உட்கார்ந்திருந்த லென்ஸ் அக்காதான். இதை நான் எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் கற்பூரம் அணைத்துச் சொல்வேன்.

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த சாயங்காலமே வேலை ஆரம்பித்துவிடும். பைக்கின் முன்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு இன்ஸ்டாகிராமில் பறந்தவன், முருகன் படத்தை வைத்துக்கொண்டு அடங்கிவிடுவான். வெடியைக் கையில் பிடித்துக் கொளுத்தி வீசுகிற ரீல்ஸெல்லாம் மறைந்து, அந்த இடத்தில் சூரியோதயமும் உழைப்பின் பெருமையும் வந்து உட்காரும். "ஏலே, அத அழிச்சிருலே, லென்ஸ் பாத்துரும்" என்று அண்ணன்மார் தம்பிமாருக்குப் புத்தி சொல்வதை டீக்கடையில் என் காதாலேயே கேட்டிருக்கிறேன்.

உண்மையில், இன்ஸ்டாகிராமைப் பார்த்துச் சீட்டு கொடுக்கிற விதியே எங்கள் கல்லூரியில் கிடையாது. மார்க்கைப் பார்த்துச் சீட்டு. மேனேஜ்மென்ட் சீட்டென்றால் செகரட்டரி அண்ணாச்சியின் கையெழுத்து. பிரின்சிபாலிடம் யாராவது கேட்டால், நாங்கள் எவருடைய இன்ஸ்டா பக்கத்தையும் பார்ப்பதில்லை என்று அடித்துச் சொல்வார். கேட்டவர்கள் பணிவாகத் தலையாட்டிவிட்டு வெளியே வந்து, அழிக்காமல் விட்டிருந்த மிச்சத்தையும் அழிப்பார்கள்.

அக்கா முன்பு சிவகாசியில் காலண்டர் அடிக்கிற அச்சகம் ஒன்றில் செக்கிங் பார்த்தவர். அச்சான தாளின்மேல் சின்ன லென்ஸை வைத்து, நிறங்கள் ஒன்றின்மேல் ஒன்று சரியாக விழுந்திருக்கின்றனவா என்று பார்க்கிற வேலை. மகாலட்சுமியின் உதட்டுச் சிவப்பு ஒரு நூல் விலகினாலும் மெஷினையே நிறுத்திவிடுவாராம். கல்லூரி வேலைக்கு வந்தபோது அந்த லென்ஸையும் கூடவே கொண்டுவந்துவிட்டார். அட்மிஷனுக்கு வருகிற பையனின் போனை வாங்கி மேஜையில் வைத்து, அதன் மேல் லென்ஸை வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிவார். அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான் கேட்கும்.

ஒருநாள் அவர் சாப்பிடப் போயிருந்தபோது நானும் என் போனில் லென்ஸை வைத்துப் பார்த்தேன். சிவப்பும் பச்சையும் நீலமுமாகப் புள்ளிகள் தெரிந்தன. அதைத் தவிர ஒரு மண்ணும் தெரியவில்லை. இந்தப் புள்ளிகளுக்குள்ளிருந்து ஒரு பையனின் குணத்தையே படித்துவிடுகிறாரே என்று அன்றைக்கு எனக்கு உண்டான மலைப்பு வெகுநாள் தீரவில்லை.

விருதுநகர் மிளகாய் வற்றல் வியாபாரி ஒருவர் மகனோடு வந்தார். மகன் பேரில் இன்ஸ்டாகிராமில் புதுக் கணக்கு ஒன்று தொடங்கி, தினமும் அவன் படிப்பதைப் படம் பிடித்துப் போட்டிருந்தார். ஒருநாள் நீலச் சட்டை, ஒருநாள் வெள்ளைச் சட்டை, ஒருநாள் நெற்றி நிறைய விபூதி. குறை சொல்ல இடமே இல்லை. அக்கா லென்ஸை வைத்தார், எடுத்தார்.

"படிப்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு, அண்ணாச்சி. பின்னால மாட்டியிருக்கிற காலண்டர்லதான் ஒரு மாசமா தேதியே கிழிக்கல."

வியாபாரி மகன் பக்கம் திரும்பினார். ஒரே மத்தியானத்தில் சட்டையை மாற்றி மாற்றி எடுத்த படங்கள் என்று மகனே ஒப்புக்கொண்டான். கேட்காமலே, ஒன்பதாம் வகுப்பில் பார்த்து எழுதியதையும் ஒப்புக்கொண்டான். அக்கா அவனுக்குச் சீட்டு இல்லை என்று சொல்லவில்லை. காலண்டரைத் தினமும் கிழிக்கச் சொல்லி அனுப்பினார்.

இப்படி யாரையும் கலங்கடிக்கிற அக்காவே கலங்கியது பாண்டிச்செல்வி விஷயத்தில்தான். எம். புதுப்பட்டிப் பெண். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் பட்டாசுக் கம்பெனியில் வேலை. பி.காம். மெரிட் பட்டியலில் கொஞ்சத்தில் தவறிவிட்டாள். மேனேஜ்மென்ட் சீட்டுக்குக் காத்திருந்தாள். அவர்கள் ஊரிலிருந்து நேரே பஸ் வருகிற கல்லூரி எங்களுடையது ஒன்றுதான். இங்கே கிடைக்காவிட்டால் அம்மாவோடு கம்பெனி வேனில் ஏற வேண்டியதுதான் என்று வீட்டில் பேசி முடித்திருந்தார்கள்.

செகரட்டரி அண்ணாச்சி போனும் கையுமாக எங்கள் அறைக்குள் வந்தார். அவரும் பட்டாசு முதலாளிதான். அவர் கம்பெனியின் புது வாணங்களை வெடித்துக் காட்டும் வீடியோக்களுக்குக் கீழே ஒரு கணக்கிலிருந்து வரிசையாகக் கருத்துகள். "இது வெடியா, கொட்டாவியா?" "மருந்துக்குப் பதிலா மைதா மாவு போட்டிருக்கான்." "எங்க கம்பெனி ஊசிவெடி இதவிடச் சத்தமாக் கேக்கும்." கணக்கில் பாண்டிச்செல்வியின் பெயர். படமும் அவள்தான், ரெட்டைச் சடையோடு. அண்ணாச்சியின் மகன் தோண்டியெடுத்துக் கொடுத்திருந்தான்.

"நம்ம சரக்க நாறடிச்சிட்டு நம்மகிட்டயே சீட்டா?" என்றார் அண்ணாச்சி.

அக்கா லென்ஸை வைத்துக் குனிந்தார். இந்த முறை வெகுநேரம் நிமிரவே இல்லை. எனக்குப் பயமாக இருந்தது. பிறகு, நாளைக்கு அப்பாவையும் பெண்ணையும் வரச் சொல்கிறேன், நீங்களும் வந்து அந்த மூலை நாற்காலியில் சும்மா உட்காருங்கள், ஒரு வார்த்தை பேசக் கூடாது என்றார். முதலாளியிடம் அப்படிப் பேச அந்த ஊரில் வேறு ஆள் கிடையாது. அண்ணாச்சியும் தலையாட்டினார்.

மறுநாள் வந்தார்கள். அப்பாவின் நகக்கண்ணில் அலுமினியப் பவுடர் இன்னும் மினுங்கியது. மூலையில் கதர்ச் சட்டையோடு உட்கார்ந்திருந்த அண்ணாச்சியை, சீட்டுக்கு வந்த வேறு ஏதோ பெண்ணின் அப்பா என்று நினைத்து அவர் ஒரு கும்பிடு போட்டார். பாண்டிச்செல்வி தாவணி நுனியைச் சுருட்டிக்கொண்டே நின்றாள். அக்கா சீட்டைப் பற்றிப் பேசவே இல்லை. சாப்பிட்டீகளா என்று விசாரித்தார். பிறகு, தீபாவளிக்குப் பேரப்பிள்ளைகளுக்கு வெடி வாங்க வேண்டும், இந்தக் கம்பெனிச் சரக்கு எப்படி என்று அண்ணாச்சி கம்பெனியின் பெயரைச் சொல்லிக் கேட்டார்.

எங்கள் பக்கத்தில் ஒரு பட்டாசுத் தொழிலாளியிடம் போட்டிக் கம்பெனியைப் பற்றி அபிப்பிராயம் கேட்பதும், திரியில் தீ வைப்பதும் ஒன்றுதான். அவரவர் கம்பெனிதான் அவரவருக்கு உசத்தி.

"அவன் சரக்கா? அது வெடியில்ல தாயி, கொட்டாவி. மருந்துக்குப் பதிலா மைதா மாவுல்லா போடுதான். எங்க கம்பெனி ஊசிவெடிச் சத்தத்துக்குப் பக்கத்துல வருமா? வீடியோ போடுறான்ல, ஒவ்வொண்ணுலயும் நல்லாக் கேட்டு விட்டுருக்கேன். வீட்டுல ஒரே போனு. பிள்ள பேர்லதான் எல்லாம் கிடக்கு."

பாண்டிச்செல்விக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. அப்பாவுக்கு மட்டும் ஒன்றும் விளங்கவில்லை. அக்கா மூலையைப் பார்த்துத் திரும்பினார்.

"கேட்டீகளா, அண்ணாச்சி? சீட்டு கேட்டது பிள்ள. திட்டுனது அப்பன். அப்பன் நம்மகிட்ட அப்ளிகேசன் போடலயே."

அண்ணாச்சி என்ற சொல்லும், அந்த நாற்காலியும், எங்கள் முகங்களும் அப்போதுதான் அப்பாவுக்கு ஒன்று சேர்ந்திருக்க வேண்டும். சட்டென்று எழுந்து தோள் துண்டை இடுப்புக்கு இறக்கினார். நானும் எதற்கென்று தெரியாமல் எழுந்து நின்றேன். அண்ணாச்சி அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"அங்கன எம்புட்டு வருசமா வேல பாக்குறீரு?"

"கல்யாணத்துக்கு முன்னாலருந்து, மொதலாளி."

"ம். எங்கிட்டயும் அம்புட்டுப் பேரு இருக்கான். ஒருத்தனாவது எனக்காக இப்படி ராப்பகலாச் சண்ட போட்டிருக்கானா?" என்று பெருமூச்சு விட்டு, என் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். பேனாவைத் திருப்பித் தரவில்லை, நானும் கேட்கவில்லை.

எல்லோரும் போன பிறகு, லென்ஸில் அப்படி என்னதான் தெரிந்தது என்று அக்காவிடம் கேட்டேன்.

"புள்ளிதான் தம்பி தெரியும், வேறென்ன தெரியும்? லென்ஸ வச்சிக் குனிஞ்சா நமக்கு யோசிக்க நேரம் கிடைக்கும். படிக்கிற பிள்ள 'எங்க கம்பெனி'ன்னு எழுதுமான்னு அப்பத்தான் தோணுச்சு. எதிர்ல உக்காந்திருக்கிறவனும் தானாப் பேசுவான்."

அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. கல்லூரி பார்க்கிறது என்ற வதந்தியைக் கிளப்பியதே அக்காதானாம். அண்ணாச்சியின் மகன் சீட்டு கேட்கிற பிள்ளைகளின் பக்கங்களைத் தோண்டுகிற ஆள் என்று அவருக்குத் தெரியும். அவன் பார்ப்பதற்கு முன்னால் பிள்ளைகளே பயந்து அழித்துக்கொள்ளட்டும் என்றுதான் அத்தனை மிரட்டலும். அழிக்காதவர்களை அவரே கூப்பிட்டுச் சொல்லிவிடுவார். பாண்டிச்செல்வி பேரில் இருந்தவை அடுத்தவன் வீடியோவுக்குக் கீழே கிடந்ததால் அக்காவின் கண்ணுக்குத் தப்பிவிட்டன. அதற்காக முந்தின ராத்திரி தூங்கவே இல்லை என்றார். ஊரே நடுங்கிய அந்தப் பெண்மணியை நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாண்டிச்செல்வி படித்து முடித்து ஆடிட்டர் ஆபீஸ் ஒன்றில் இருக்கிறாள். அவள் அப்பா இப்போது சொந்தப் பெயரில், சொந்தப் படத்தோடு கொட்டாவி என்று எழுதுகிறார்.

அக்கா ரிட்டயராகி மகனோடு கோயம்புத்தூர் போய்விட்டார். போன வருடம் எதிர்வீட்டுக்காரர் மேல் இருந்த கோபத்தில் ஃபேஸ்புக்கில் காரமாக ஏதோ எழுதிப் போட்டேன். கொஞ்ச நேரத்தில், பச்சைக்கிளியின் படம் வைத்த பெயர் தெரியாத கணக்கிலிருந்து ஒரு செய்தி. "தம்பி, அது நல்லால்ல. எடுத்துரு." உடனே எடுத்துவிட்டேன்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு கெட்ட பழக்கம். கிளியிடமிருந்து கொஞ்ச நாள் சத்தமில்லை என்றால் மனசு என்னவோ செய்கிறது. உடனே யாரையாவது லேசாகத் திட்டி எழுதிப் போட்டுவிட்டு, போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறேன்.