பெண் பார்க்க வந்தவர்களுக்குப் பாட்டில் தண்ணீர்

இருபத்திரண்டு வயதில் எனக்குப் புத்தியைவிடப் பகட்டு அதிகம். அதனால் என் கல்யாணமே தண்ணீரில் போகப் பார்த்தது.

எண்பதுகளின் நடுவில் ஈப்போ டவுனிலிருந்து எங்கள் மலைத் தேயிலைத் தோட்டத்துக்கு என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் போட்டோவை முன்பே பார்த்திருந்தேன் (எத்தனை முறை என்று கேட்காதீர்கள்). இந்த இடம் எப்படியாவது கூடிவிட வேண்டும் என்று மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டிருந்தேன். கொழுந்து பறிக்கிற பெண்தானே என்று டவுன்காரர்கள் மட்டமாக நினைத்துவிட்டால்? பக்கத்துக் கடைத்தெருவான தானா ராத்தாவில், சுற்றிப் பார்க்க வரும் வெள்ளைக்காரர்கள் பாட்டிலில் தண்ணீர் வாங்குவதைப் பார்த்திருக்கிறேன். நானும் இரண்டு வாங்கி வந்தேன்.

எங்கள் லயத்து வரிசை வீட்டு வாசலிலேயே மலை ஓடைத் தண்ணீர் குழாயில் ஓயாமல் கொட்டும். பல் கூசும் குளிர்ச்சி. அந்தப் பட்டிக்காட்டு அடையாளத்தைச் சாக்குப் போட்டு மூடினேன். (அது சாக்குக்குள்ளும் சளசளத்தது.)

அம்மா டீயும் வடையும் வைத்தார். நான் பாட்டிலை நீட்டினேன்.

மாப்பிள்ளையின் அம்மா டீ கிளாசைப் பாதி வழியில் நிறுத்தினார். "ஏம்மா, உங்க தண்ணிக்கு என்னா ஆச்சு?"

"நாங்க பைப் தண்ணி குடிக்கிறதில்ல ஆன்டி" என்றேன் மிடுக்காக.

கிளாஸ் கீழே இறங்கியது. "செடிக்கு அடிக்கிற மருந்து கலந்திருச்சா? மலைத் தண்ணி புடிச்சிட்டுப் போலாம்னு டின்னெல்லாம் கொண்டாந்தோம்லா!"

அவர் கணவர் வடையை மெல்லுவதை நிறுத்தினார். மாப்பிள்ளை எழுந்தேவிட்டார். அப்பா என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

வெட்கமாவது ஒன்றாவது! ஓடிப்போய்ச் சாக்கை இழுத்தேன். தண்ணீர் முகத்தில் பீய்ச்சியடித்தது. பட்டுப் புடவையோடு குனிந்து, கண் மை வழிய வழிய, அள்ளி அள்ளிக் குடித்தேன். "நல்ல தண்ணி ஆன்டி! நான் சும்மா பந்தாவுக்குச் சொன்னேன்!"

மாப்பிள்ளைதான் முதலில் சிரித்தார். பக்கத்தில் வந்து அவரும் ஒரு கை அள்ளிக் குடித்தார். "அம்மா, பல்லு கூசுது. டின்ன எடுத்துட்டு வாங்க."

டின்கள் நிறைந்தன. கல்யாணமும் நிச்சயமானது. அந்தப் பாட்டில்களில் ஒன்றில் அம்மா நல்லெண்ணெய் ஊற்றி வைத்தார். மற்றதைத் தேயிலைச் செடிகளுக்குள் வீசினார். பல வருஷம் கழித்தும் அது மக்காமல் அங்கேயே கிடந்தது.

இப்போது மேலே காய்கறித் தோட்டங்கள் பெருகி, அந்த ஓடை பால் டீ நிறத்தில் ஓடுகிறது. என் பிறந்த வீட்டுக்குப் போக, ஈப்போவிலிருந்தே பாட்டில் தண்ணீரைப் பெட்டியாக ஏற்றிக்கொள்கிறோம். மலையேறி ரிங்லெட் ஊரைத் தாண்டியதும் என் கணவர் ஒரு பாட்டிலைத் திறந்து, என் மாமியார் குரலில் கேட்பார்: "ஏம்மா, உங்க தண்ணிக்கு என்னா ஆச்சு?"

காரே சிரிக்கும். நானும் சிரிப்பேன். ஆனால் அன்றைக்கு மாதிரி ஓடிப்போய் அள்ளிக் குடித்துக் காட்ட என்னால் முடிவதில்லை.