மிதப்புக்கட்டை பாயின் கார் சாவி

உலகத்திலேயே கார் சாவியால் பானெட்டைத் திறந்த ஒரே மனிதர் பழவேற்காடு மிதப்புக்கட்டை பாய்தான். அதுவும் வேண்டுமென்று இல்லை. வேண்டாம், வேண்டாம் என்று ஊரே கத்தும்போது திறப்பார்.

எழுபதுகளின் கடைசியில் எங்கள் ஏரிக்கரைக்கு அவருடைய பழைய அம்பாசடர் ஒன்றுதான் வாடகைக் கார். சவாரி பேசப் படகேறி குப்பம் குப்பமாகப் போவார். அப்படிப் போனபோது ஒருமுறை சாவி ஏரிக்குள் விழுந்துவிட்டது. கார் எட்டு நாள் கரையில் நின்று காக்கைகளுக்கு வீடானது.

படகில் முழுகக்கூடிய எந்தச் சாமானையும் ஒரு மிதப்பில் கட்டிவைப்பது எங்கள் வழக்கம். கத்தியானாலும் சரி, லாந்தரானாலும் சரி. பாயும் புதுச் சாவியில் வலைக்குக் கட்டுகிற மிதப்புக்கட்டையைக் கட்டினார். சின்னதாகக் கட்டியிருக்கலாம். அவர் கட்டியது தேங்காய் அளவு!

சாவித் துளைக்கு நேர் கீழேதான் பானெட்டைத் திறக்க இழுக்கும் பிடி. சாவியைத் திருப்பினாலும், வண்டி பள்ளத்தில் இறங்கினாலும் கட்டை ஆடும். அதன் கயிறு பிடியில் மாட்டி இழுக்கும். பானெட் வாயைப் பிளக்கும்.

எளாவூர் செக்போஸ்ட்டில் மட்டும் அவருக்கு மரியாதை. வண்டியை நிறுத்திச் சாவியைத் திருப்பியதும் பானெட் தானாக எழும். "கேக்காமலே தொறந்து காட்டற ஒரே ஆளு நீதான்யா" என்று சோதிக்க வந்தவர் உள்ளே பார்க்காமலே அனுப்பிவிடுவார். இந்தப் பெருமையை எங்களிடம் நூறு தடவை சொல்லியிருக்கிறார். எங்களுக்கோ பற்றிக்கொண்டு வரும்.

ஒருநாள் காலை, இடுப்பளவுத் தண்ணீரில் வலை இழுத்துக்கொண்டிருந்த என் நைனா திருக்கை மீனை மிதித்துவிட்டார். முள் ஒடிந்து காலுக்குள்ளேயே நின்றுவிட்டது. கால் பானை மாதிரி வீங்கியது. காலை பஸ் போய்விட்டது. படகில் கரைக்குக் கொண்டுவந்து பாயின் காரில் ஏற்றினோம். பொன்னேரி ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும்.

"பாய், இன்னிக்கு ஒரு நாளாவது அந்தக் கட்டைய அவுத்துடுங்க" என்றேன்.

"இன்னாபா பேசுற? சாவி தண்ணில போச்சுன்னா?"

"ரோட்டுலதானே போறோம்!"

"நம்ம ஊர்ல ரோட்டுக்கும் தண்ணிக்கும் எவ்ளோ தூரம்?"

வண்டியைக் கிளப்பிவிட்டார்.

இரண்டு மைல் தாண்டவில்லை, ஒரு பள்ளம். கட்டை ஆடியது. பானெட் படாரென்று எழுந்து கண்ணாடியை அடைத்தது. இறங்கி அழுத்திப் பார்த்தோம். கீல் வளைந்துவிட்டது, இறங்கவில்லை.

அதுவரை யாரிடமும் குரல் உயர்த்தாத நான் நடுரோட்டில் கத்தினேன். "யோவ் பாய்! எங்க நைனாவக் கொல்லப் பாக்கிறியா? நீயெல்லாம் ஒரு டிரைவரா? போய் வாத்து மேய்!"

பின்சீட்டில் முனகிக்கொண்டிருந்த நைனா தலையைத் தூக்கினார். "இவனுக்குப் பேச வருமாடா!"

பாய் கோபப்படவே இல்லை. "திட்டிக்கினே ஏறு தம்பி. நான் இந்தப் பக்கம் தலைய நீட்டி ஓட்றேன். நீ அந்தப் பக்கம் பாத்துச் சொல்லு. படகுல முன்னாடி நிக்கிறவன் சொல்லுவான்ல, அப்படி."

அப்படியே போனோம். ஜன்னலுக்கு ஒரு தலை. "மாடு வருது, கழி குத்து!" என்று நான் கத்த, அவர் பிரேக்கை மிதிப்பார். "கரைப்பக்கம் ஒதுங்கு!" என்றால் இடது பக்கம் ஒடிப்பார். பொன்னேரி கடைத்தெரு முழுக்க என்னைத்தான் வேடிக்கை பார்த்தது. மானம் கப்பலேறியது.

முள்ளை எடுத்த டாக்டர், தாமதித்திருந்தால் காலே போயிருக்கும் என்றார்.

வெளியே வந்தேன். பாய் படியில் உட்கார்ந்திருந்தார். முகமெல்லாம் செம்மண். ஒரு கண் பூச்சி அடித்து மூடியிருந்தது. கழுத்து ஒரு பக்கமாகவே நின்றுவிட்டது. நன்றி சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கட்டையை என் முன்னால் ஆட்டினார்.

"பாத்தியா? சாவி பத்திரமா கீது."

மறுபடி ஆரம்பித்தேன். அவர் வீட்டுக்காரர்கள்கூட அப்படித் திட்டியிருக்க மாட்டார்கள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நைனா எப்படிக்கீறாரு?" என்றார்.

"கால் தப்பிச்சிது பாய்" என்றேன். அவர் திறந்திருந்த அந்த ஒற்றைக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு எத்தனையோ பேர் மேல் கோபம் வந்திருக்கிறது. எல்லாரிடமும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்திருக்கிறேன். அப்படி உரிமையோடு திட்ட எனக்கு வேறு யாரும் வாய்க்கவில்லை.