மறுபடியும் நெட் போச்சு

ரவுட்டரில் பச்சை விளக்கு அணைந்ததும் அச்சகக்காரரின் மனைவி கண்ணாடி முன்னால் போய் நின்று தலைமுடியைச் சரிசெய்துகொண்டாள். அச்சகக்காரர் அதைப் பார்த்துவிட்டார்.

"நெட் போனா உன் தலை எதுக்குக் கலையுது?"

"வெளி ஆள் வர்ற இடத்துல பரட்டைத் தலையோடவா நிக்கறது?" என்று சொல்லிக்கொண்டே அவள் டெக்னீஷியனின் நம்பரை அழுத்தினாள். எதையும் பார்த்து அழுத்தவில்லை. பத்து எண்ணும் மனப்பாடம். அச்சகக்காரரின் நம்பர் அவளுக்கு மனப்பாடமா என்று கேட்டால், அது சந்தேகம்தான்.

கீழே கடை, மேலே வீடு. விசிட்டிங் கார்டோ அழைப்பிதழோ, வாடிக்கையாளர்கள் எல்லாவற்றையும் இப்போது நெட்டில்தான் அனுப்புகிறார்கள். அதற்காகத்தான் பிசினஸ் இணைப்பு வாங்கியிருந்தார். அதில் ஒரு விசேஷம் உண்டு. புகார் கொடுத்த நாலு மணி நேரத்துக்குள் ஆள் வந்தே ஆக வேண்டும். அந்த விசேஷம்தான் இப்போது அவருக்கு வினையாக வந்து நின்றது.

வருகிற ஆள் நல்ல உயரம். சட்டை கசங்குவதே கிடையாது. அச்சகக்காரரின் சட்டையிலோ எந்நாளும் ஏதாவது ஒரு நிறத்தில் மை இருக்கும். முதல் தடவை வந்தபோது அந்த ஆள் பழைய அடாப்டரை மாற்றிவிட்டு, எந்த விளக்கு எதற்கு என்று அவளுக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தான். அவள் ஏதோ கேட்டாள், அவன் ஏதோ சொன்னான், அவள் வாய்விட்டுச் சிரித்தாள். பன்னிரண்டு வருஷத்தில் அச்சகக்காரர் சொன்ன எந்த ஜோக்குக்கும் அவள் அப்படிச் சிரித்ததில்லை. அவருக்குத் தெரிந்தது மூன்றே ஜோக் என்பது வேறு விஷயம்.

இரண்டாம் தடவை, லேமினேஷன் மெஷினின் சூடு ரவுட்டருக்கு ஆகவில்லை என்று தெரிந்தது. "மேடமே கண்டுபிடிச்சுட்டாங்க சார். நல்ல மூளை" என்றான் அவன். கட்டின மனைவிக்கு மூளை இருக்கிறது என்பதை இன்னொருத்தன் வந்தா சொல்ல வேண்டும்? அச்சகக்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இன்று மூன்றாம் தடவை. தளர்ந்திருந்த ஒரு ப்ளக்கை அழுத்தி மாட்டியதோடு வேலை முடிந்தது. ஆனால் இருவரும் இருபது நிமிஷம் நின்று பேசினார்கள். அச்சு மெஷின் ஓடிய சத்தத்தில் ஒன்றும் காதில் விழவில்லை. அவர் மெஷினை நிறுத்தினார். அவர்களும் பேச்சை நிறுத்தினார்கள். இனிமேல் அந்த ஆள் இந்தப் படியை மிதிக்கக் கூடாது, நெட் போனால் நானே பார்த்துக்கொள்கிறேன் என்று அச்சகக்காரர் அந்த நிமிஷமே முடிவுகட்டினார்.

யார் கையும் படாமல் இருந்தால் ரவுட்டர் ஏன் கெடப்போகிறது? அதைக் காகிதம் வைக்கும் இரும்பு பீரோவுக்குள் வைத்துப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கடையில் இருந்த மூன்று கம்ப்யூட்டரும் ஒன்றாகப் படுத்துவிட்டன.

"இரும்புக்குள்ள வச்சா சிக்னல் எப்படிங்க வெளிய வரும்?" என்றாள் அவள்.

"இதை யார் சொன்னது?"

"அவர்தான்."

அது நேராக நெஞ்சில் போய்க் குத்தியது. இத்தனை வருஷமாக அந்த வீட்டில் 'அவர்' என்றால் அச்சகக்காரர் ஒருத்தர்தான்.

பீரோவிலிருந்து வெளியே எடுத்தும் ரவுட்டர் கண்ணைச் சிமிட்டிக்கொண்டே இருந்தது. பின்பக்கம் ஒரு சின்ன ஓட்டை இருக்கும், அதில் ஊசியால் குத்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்று பேப்பர் கடைக்காரர் எப்போதோ சொல்லியிருந்தார். அச்சகக்காரர் குத்தினார். ஒரு தடவை போதாதோ என்று மூன்று தடவை குத்தினார். இணைப்பின் பெயர், ரகசிய எண் எல்லாம் அழிந்து ரவுட்டர் பிறந்த குழந்தையாகிவிட்டது. வேறு வழியில்லாமல் வரவழைத்த டெக்னீஷியனுக்கு எல்லாவற்றையும் திரும்ப ஏற்ற ஒன்றரை மணி நேரம் பிடித்தது. அவள் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒன்று விடாமல் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டாள். பிறகு அவள் மாடிக்குப் போன நேரம் பார்த்து அவர் அந்த நோட்டைப் புரட்டினார். கடைசிப் பக்கத்தில் 'திங்கட்கிழமை 9 மணி' என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டிருந்தது.

அதற்கப்புறம் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள், தொங்கிக்கொண்டிருக்கும் வயரில் யாரோ கால் தடுக்குவதால்தான் நெட் போகிறது என்ற முடிவுக்கு வந்தார். வயரை இழுத்து, கதவு நிலையின் மூலையில் மடக்கி, கிளிப் வைத்துச் சுத்தியலால் அடித்தார். அது கண்ணாடி இழை ஓடும் வயர். உள்ளே பட்டென்று முறிந்தது.

இந்த முறை அந்த ஆள் இழையை ஒட்டும் மெஷினையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். முடியைவிட மெல்லிய இழை. அதன் மேல் இரண்டு தலைகள் குனிந்திருந்தன. ஒன்று அவனுடையது, இன்னொன்று அவளுடையது. அச்சகக்காரரின் கையில் டார்ச்சைக் கொடுத்து வெளிச்சம் காட்டச் சொல்லியிருந்தார்கள்.

"கொஞ்சம் ஆடாமப் பிடிங்க சார்" என்றான் அவன். அச்சகக்காரருக்கு உடம்பு முழுக்க ஆடியது. இழையைக் கடைசியில் அவளே ஒட்டினாள். அவள் கை கொஞ்சம்கூட நடுங்கவில்லை.

"என்ன பண்ணினே?" என்று கேட்டார்.

"சொன்னா உங்களுக்குப் புரியாதுங்க."

போகும்போது வாசலில் அவர்கள் பேசியதைக் காகிதக் கட்டுக்குப் பின்னால் நின்று அச்சகக்காரர் கேட்டார். அளவு சரியாக இருந்ததா என்று அவன் விசாரித்தான். கொஞ்சம் தொளதொளவென்று இருந்தது, பிடித்துத் தைத்துக்கொண்டேன் என்றாள் அவள்.

"சார்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"முன்னாடியே சொன்னா விடமாட்டார். திங்கட்கிழமை தானா தெரிஞ்சுடும்."

அச்சகக்காரர் காகிதக் கட்டை இறுகப் பிடித்துக்கொண்டார். துணிமணி வரைக்கும் வந்துவிட்டதா? அச்சுக்குப் போகுமுன் பிழை பார்ப்பவள் அவள். கோபித்துக்கொண்டு போகும் வாடிக்கையாளரைத் தெருமுனை வரை போய்த் திருப்பிக் கூட்டி வருபவளும் அவள்தான். அவள் இல்லாத கடையை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அவள் இல்லாத வீட்டை நினைக்கவே பயமாக இருந்தது. அவள் ஒரு தடவை, அச்சு மெஷினை நானும் ஓட்டிப் பழகட்டுமா என்று கேட்டபோது, உனக்கெதற்கு இதெல்லாம் என்று சிரித்தது ஏனோ அப்போது ஞாபகம் வந்தது.

அங்கேயே, கட்டுக்குப் பின்னால் நின்றபடி, இணைப்புக் கம்பெனிக்குப் போன் போட்டார். ஒரு பெண் எடுத்தாள். எங்கள் கடைக்கு வருகிற டெக்னீஷியனை உடனே மாற்ற வேண்டும் என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"அவர் வேலை சரியில்லையா சார்?"

"வேலையெல்லாம் நல்லாத்தான் செய்யறார். அதாம்மா பிரச்சினை."

மறுமுனையில் சற்று நேரம் கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது. அவருக்குப் பதவி உயர்வு வந்துவிட்டது, இனி உங்கள் தெருப் பக்கம் வரமாட்டார், புது டெக்னீஷியன் ஒருத்தர் சேர்ந்திருக்கிறார் என்றாள் அந்தப் பெண்.

"ஆம்பளையாம்மா?"

"லேடி சார். அவரே பழக்கிவிட்டவங்க. டெஸ்ட்ல முதல் மார்க். யூனிபார்ம்கூடக் கொடுத்தாச்சு."

அச்சகக்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. முகம் தெரியாத அந்தப் பெண்மணி மேல் அவருக்குப் பெரிய கரிசனமே பொங்கியது.

"ரொம்ப சந்தோஷம்மா. எங்க லைன் அடிக்கடி போகும். பாவம், பொம்பளைப் பிள்ளை, தினம் தினம் ரொம்ப தூரத்துல இருந்து வரணுமோ?"

"தூரமே இல்ல சார். இங்க பாத்தா, அவங்க வீட்டு அட்ரஸும் உங்க கடை அட்ரஸும் ஒண்ணாத்தான் இருக்கு."