கைப்பிடித்தவளின் கை

சனிக்கிழமை காலையில் காப்பியை ஆற்றிக்கொண்டே தெய்வயானை அந்தக் குண்டைப் போட்டாள்.

"நாளைக்குச் சாயங்காலம் எங்கயும் போயிறாதீக. ஐரேன் நிகழ்ச்சிக்கு ரெண்டு பேர் பேரையும் கொடுத்திருக்கேன்."

கரியமாணிக்கம் செல்போனிலிருந்து ஒரு கண்ணை மட்டும் எடுத்தார். சைகோனின் தூ டுக் தொழிற்பூங்காவில் அவர் தரக்கட்டுப்பாட்டு இன்ஜினியர். தலைமுடியைவிட மெல்லிய கோளாறு இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவார். மனைவி மூக்குத்தி மாற்றியதைக் கண்டுபிடிக்க மட்டும் மூன்று மாதம் பிடித்தது.

ஐரேன் என்பவள் தாவோ தியென் பகுதியில் இவர்கள் குடியிருப்புக்கு அடுத்த தெருவில், ஒரு பழைய கிடங்கில் நிகழ்த்துகலை நடத்துகிறவள். பிரெஞ்சுக்காரர் காலத்தில் குமாஸ்தா வேலைக்காகக் காரைக்காலிலிருந்து வந்து சைகோனிலேயே தங்கிவிட்ட குடும்பம். வீட்டில் பேசுவது வியட்நாமிய மொழி. தமிழில் அவளிடம் மிச்சமிருந்தது ஒரு கைப்பிடிச் சொற்கள்.

"என்ன நிகழ்ச்சி? பாட்டா, கூத்தா?"

"ரெண்டும் இல்ல. வர்றவுகதான் அதுல நடிக்கிறவுக. ஆனா நடிக்கக் கூடாது."

"அப்பப் பாக்கறது யாரு?"

"யாரும் பாக்கக் கூடாது. கண்ணைக் கட்டிருவாக."

"தெய்வானை, காலங்காத்தால..."

"கேளுங்க. பொம்பளைக நாங்க வரிசையா உக்காந்து கையை நீட்டுவோம். அசைக்கக் கூடாது. புருஷன்மாரு ஒவ்வொருத்தராக் கண்ணைக் கட்டிக்கிட்டு வந்து, தொட்டுப் பாத்தே அவுகவுக பொண்டாட்டியைக் கண்டுபிடிக்கணும். மூளை மறந்ததை உடம்பு மறக்காதாம். இந்த நிமிஷத்துல முழுசா இருந்தாப் போதுமாம்."

கரியமாணிக்கம் செல்போனைக் கீழே வைத்தார்.

"வளையலைத் தடவிப் பாக்கலாமா?"

"கழட்டிரணும்."

"மோதிரம்?"

"அதையுந்தான்."

"பேசலாமா?"

"மூச்சு விடக் கூடாது."

"ஒருவேளை... கண்டுபிடிக்க முடியலைன்னா?"

"நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

அதுதான் ஆபத்து. தெய்வயானை திட்டினால் அரைமணி நேரத்தில் ஓய்ந்துவிடும். போன தீபாவளிக்கு அவள் ஒன்றும் சொல்லாமல் இருக்க ஆரம்பித்தது, பொங்கல் வரைக்கும் நீடித்தது.

கைப்பிடித்தவளின் கை தெரியாதா என்று தனக்குத் தானே தைரியம் சொல்லிக்கொண்டார். யோசித்துப் பார்த்தார். தெரியவில்லை. ராத்திரிச் சாப்பாட்டில் அவள் பரிமாறும்போது கையைக் கூர்ந்து ஆராய்ந்தார். இட்லியைத்தான் பார்க்கிறார் என்று நினைத்து அவள் இன்னொன்று வைத்தாள். மறுபடி ஆராய்ந்தார். மறுபடி இட்லி. ஆராய்ச்சி முடிந்தபோது அவரால் எழுந்திருக்க முடியவில்லை. கையைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அதில் கரண்டி இருந்தது என்பதுதான்.

ஞாயிறு மத்தியானம் மூளை வேலை செய்தது. இந்த ஊர்ச் சந்தையில் விற்கிற பச்சைத் தைலம் ஒரு சொட்டு விட்டால் எதிர்வீட்டில் தும்முவார்கள். புட்டியோடு மனைவியிடம் போனார்.

"கை வலிக்குதுன்னியே, கொடு. தேச்சு விடுறேன்."

"நான் எப்பச் சொன்னேன்?"

"சொன்னாத்தானா? எனக்குத் தெரியாதா?"

தெய்வயானை அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கையை நீட்டினாள். முழங்கை வரை மணக்க மணக்கத் தேய்த்துவிட்டு, தன் கையைச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிக்கொண்டார். இன்ஜினியர் அல்லவா?

கிடங்கின் தகரக் கூரையில் மழை இறங்கிக்கொண்டிருந்தது. ஐரேன் அவர் கண்ணைத் துணியால் கட்டினாள். "மெதுவா," என்றாள் தமிழில். "இப்ப. இங்க." கரியமாணிக்கம் பக்தியோடு தலையாட்டிவிட்டு, மூக்கைத் தயார்படுத்திக்கொண்டார்.

முதல் கை. குனிந்தார். கும்மென்று தைலம்!

'கிடைத்துவிட்டாள்' என்று கத்த வாய் திறந்தவர், எதற்கும் இருக்கட்டும் என்று அடுத்த கையையும் மோந்து பார்த்தார். தைலம். அதற்கடுத்தது? தைலம். வரிசையின் கோடி வரை ஒரே தைலம். மூக்கு எரிந்து, கட்டிய துணிக்குள் கண்ணில் நீர் வழிந்தது. அவர் உருகுகிறார் என்று எண்ணி ஐரேன் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

மூக்கு கைவிட்டது. இனிக் கைதான் கதி. வரிசையின் தொடக்கத்துக்குத் திரும்பி, ஒவ்வொரு கையாகத் தொட்டார். ஒன்று சில்லென்று இருந்தது. ஒன்று சிரிப்பை அடக்க முடியாமல் குலுங்கியது. எதுவும் எதையும் சொல்லவில்லை. இன்னொரு முறை தொடக்கத்துக்குப் போனபோது அவரிடம் திட்டம் என்று எதுவுமே மிச்சமில்லை. செல்போன் ஞாபகம் இல்லை, நாளைய மீட்டிங் ஞாபகம் இல்லை. மழைச் சத்தம் கேட்டது. விரல் நுனியில் யாருடைய நாடியோ துடிப்பது தெரிந்தது. எத்தனை காலமாயிற்று இப்படி ஒரே இடத்தில் இருந்து!

அப்போது ஒரு கட்டைவிரல் அவர் மணிக்கட்டின் உள்பக்கம் அழுந்தியது.

அவருக்குத் தெரியும் முன்பே அவர் கால்களுக்குத் தெரிந்துவிட்டது. இந்த ஊருக்கு வந்த முதல் வாரம். த்ருவோங் டின் தெருவில் மாரியம்மனைக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தால், எதிரே வெள்ளமாய் மோட்டார் சைக்கிள்கள். நடைபாதை ஓரத்தில் அவர் மரமாக நின்றார். இதே கட்டைவிரல்தான் இதே இடத்தில் அழுத்தியது. "நிக்காதீக, ஓடாதீக, என்கூட நடங்க." கண்ணை மூடிக்கொண்டு நடந்தார். வெள்ளம் இரண்டாகப் பிரிந்து வழி விட்டது. மனைவியைத் தான்தான் அக்கரை சேர்த்ததாக ஆபீசில் சொல்லிவைத்திருந்தார்.

இந்த முறை வந்த கண்ணீர் தைலத்தால் அல்ல.

"தெய்வானை," என்றார்.

ஐரேன் கண்கட்டை அவிழ்த்தாள். தெய்வயானையேதான். அவள் கண்ணும் கலங்கியிருந்தது. கிடங்கே கைதட்டியது.

மழை விட்ட தெருவில் நடந்து திரும்பும்போது கரியமாணிக்கத்துக்குத் தரையில் கால் பாவவில்லை. பிடித்த கையை விடவும் இல்லை, அவளும் உருவிக்கொள்ளவில்லை.

"பாத்தியா? உடம்பு மறக்காது! ஆயிரம் கை இருந்தாலும் எனக்குத் தெரியும்!"

"ஏங்க, அந்தத் தைலம்?"

"எந்தத் தைலம்?"

"இத்தனை வருஷமா விரலைத் தொடாத மனுஷன் திடீர்னு முழங்கை வரைக்கும் தேச்சு விட்டா எனக்குச் சந்தேகம் வராதா? கொசுக்கடிக்கு நல்லதுன்னு புட்டியை வரிசை பூராச் சுத்த விட்டுட்டேன்."

கையும் தைலமுமாகப் பிடிபட்டவர் தெருவில் தேங்கியிருந்த தண்ணீரைத் தாண்டினார். பிறகு நெஞ்சை நிமிர்த்தினார்.

"இருக்கட்டுமே! கடைசியில தைலம் இல்லாமத்தானே கண்டுபிடிச்சேன்?"

"கண்டுபிடிச்சீக, கண்டுபிடிச்சீக," என்றாள் தெய்வயானை, விரல்களை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டு. "ரெண்டு தரம் என்னைத் தாண்டிப் போயிட்டீக. மூணாவது தரமும் தாண்டி, பக்கத்துல இருந்த ஆஸ்திரேலியாக்காரி கையைப் பிடிக்கப் போனீக. அதான் மணிக்கட்டைப் பிடிச்சு இழுத்தேன்."