ஆமை வாயில் ஓர் எல்லைக்கோடு

வலையில் ஆமை சிக்கினால் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, கும்பிட்டுக் கடலில் விடுவது முகத்துவாரக்குப்பத்து வழக்கம். ஜெகதீசனும் அதைத்தான் செய்யப் போனான். அவன் வலையில் வந்த பங்குனி ஆமையின் வாயில் ஒரு பிளாஸ்டிக் பை, பாதி உள்ளே, பாதி வெளியே தொங்கியது. உருவிவிட்டு அனுப்பலாமென்று கரைக்குக் கொண்டுவந்தான். மனைவி மலிகா குங்குமம் வைத்தாள். யாரோ வீடியோ எடுத்தார்கள்.

வீடியோ ஊரைச் சுற்றி முடிப்பதற்குள் கடலுயிர் நலப் பிரிவின் அதிகாரி எழிலன் ஜீப்பில் வந்து இறங்கினார்.

"ஓட்டின்மேல் ரத்தக் காயம்," என்றார்.

"ஐய, அது குங்குமம் சார்."

"அதைப் பரிசோதனைக்கூடம் சொல்லட்டும்."

காயம் விளைவித்த ஆயுதம் என்ற முறையில் படகின் எஞ்சின் கழற்றப்பட்டு ஜீப்பில் ஏறியது. ஆமை பூரண நலம் பெற்றால் எஞ்சின் திரும்ப வரும். அதிகாரி முன்னிலையில் ஆமை தானாக உணவு உட்கொள்வதே நலத்துக்கு அடையாளம். எஞ்சின் இல்லாத படகு வெறும் தொட்டிதான் என்பதால், அதிலேயே கடல்தண்ணீர் ஊற்றி ஆமையை விட்டார்கள்.

"வாய்ல பை கீது, எப்டி சார் துன்னும்? உருவிடவா?"

"தொடாதே! உள்ளே இருக்கிற பாதிதான் எங்க பிரிவு. வெளியே தொங்குறது குப்பை. அதுக்குக் கரைத் தூய்மைப் பிரிவு வரணும்."

கரைத் தூய்மைப் பிரிவிலிருந்து ஹெப்சிபா மேடம் வந்தார். உதட்டோரம் கத்தரிக்கோல் வைத்து, எல்லை பிசகாமல் பையை நறுக்கினார். தம் பாதியை உறையிலிட்டு முத்திரை வைத்தார். மிச்சப் பாதியை ஆமை விழுங்கிவிட்டது.

"பார்வைக்குப் பிளாஸ்டிக் இல்லை," என்று எழிலன் எழுதிக்கொண்டார். இரு பிரிவுகளும் கைகுலுக்கிக்கொண்டன.

ஜெகதீசன் நண்டு போட்டான். ஆமை முகம் திருப்பியது. தன் வீட்டில் யாருக்கும் போடாத பெரிய இறாலைப் போட்டான், ஆமை கண்ணை மூடிக்கொண்டது.

"வயிறு பூரா பிளாஸ்டிக் சார்."

"உள்ளே இருப்பதற்கு ஆதாரம்?"

"வெளிய இருந்தத நீங்கதான சார் உள்ள அனுப்ச்சீங்க?"

"அது வேறு கோப்பு."

அக்கம்பக்கத்துப் படகுகள் வஞ்சிரத்தோடு திரும்பிக்கொண்டிருந்தன. ஜெகதீசன் ஆமைக்குத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தான். அதற்குள் ஆமை பிரபலமாகிவிட்டது. ஆமைப் படம் போட்ட பனியனோடு பட்டணத்தின் தென்கோடியிலிருந்தெல்லாம் செல்ஃபிக்கு ஆள் வந்தது. சனிக்கிழமை இரு பிரிவுகளும் சேர்ந்து ஒரு விழிப்புணர்வு விழாவே நடத்தின. ஆளுக்கொரு பிளாஸ்டிக் கவரில் லெமன் சாதம்.

சாப்பிட்டு முடித்த யாருடைய கவரோ காற்றில் பறந்து படகுத் தண்ணீரில் விழுந்தது. ஆமைகள் ஆசையாய்த் தின்னும் இழுதுமீன் மாதிரி விரிந்து மிதந்தது. ஆமை கண்ணைத் திறந்து, தலையை நீட்டி, ஒரே கவ்வு.

"சாப்பிட்டுது! தானா சாப்பிட்டுது!" என்று எழிலன் கூவினார்.

மலிகா பதறினாள். "யோவ், அது கவருய்யா..."

"கம்னு இருமே," என்றான் ஜெகதீசன். "எஞ்சினு."

கவரைப் பார்க்காதவர் அங்கே ஒருவரும் இல்லை. ஹெப்சிபா பார்த்தார், வாய்க்குள் போய்விட்டதால் அது அவர் எல்லையில் இல்லை. பனியன்காரர்கள் பார்த்தார்கள், படம் அருமையாக வந்திருந்தது. எழிலன் 'பூரண நலம்' என்று கையெழுத்திட்டார். கரையே கைதட்டியது. எல்லோரையும்விடப் பலமாகத் தட்டியவன் ஜெகதீசன். தட்டுவதற்காகக் கீழே போட்ட அவனுடைய சாப்பாட்டுக் கவர், காற்றில் கடலைப் பார்த்து நகர்ந்துகொண்டிருந்தது.