கரடி கடைசி வரிக்கு வைத்திருந்த புலி

ஒரு காட்டில், நடுவயது தாண்டிய கரடி ஒன்று மர்மத் தொடர்கதை எழுதிவந்தது. முப்பது வருடமாக அதற்கு ஒரே கொள்கை: முக்கியமானதைக் கடைசி வரியில்தான் சொல்ல வேண்டும். தன் கதை உண்மையிலேயே யாரையாவது நகம் கடிக்க வைக்கிறதா என்ற சந்தேகமும் அதற்கு முப்பது வருடமாக உண்டு.

ஞாயிறுதோறும் நாவல் மரத்தடியில் முயல், மான், முள்ளம்பன்றி கூடியிருக்க, கரடியின் கதை வாசிப்பு நடக்கும். அன்று வரும் வழியில் கரடி ஒரு புலியைப் பார்த்தது. புலி மரத்தடியை நோக்கித்தான் போய்க்கொண்டிருந்தது. எல்லோரையும் எச்சரிக்கக் கரடி குறுக்கு வழியில் ஓடி, மூச்சிரைக்க வந்து நின்றது.

"என்ன சார், முகமே சரியில்ல?" என்றது முள்ளம்பன்றி.

கரடி வாயைத் திறந்தது. பழக்கம் விடவில்லை.

"அன்று காற்றில் ஏதோ ஒரு வாடை இருந்தது…"

"சரி, என்ன விஷயம்?"

"பொறு. முதலில் ஒரு சருகு நொறுங்கியது. பிறகு மௌனம். அந்த மௌனத்துக்கு நான்கு கால்கள் இருந்தன."

"புலி வருதா? அதைச் சொல்றதுக்கா இவ்வளவு? உங்க கதையில மூணாவது வரியிலயே எல்லாம் தெரிஞ்சிடும் சார்."

முயலும் மானும் முள்ளம்பன்றியும் சிதறி ஓடின. எல்லாம் பிழைத்துக்கொண்டன. கரடி மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. மூன்றாவது வரியிலேயேவா?

அதற்குள் புலி வந்துவிட்டது.

"என்னைப் பத்திதான் ஏதோ சொல்லிட்டிருந்த போல. முழுசா சொல்லு. சாப்பாடு அப்புறம்."

கரடி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு சொன்னது. வாடைக்கு ஓர் அத்தியாயம். சருகுக்கு ஓர் அத்தியாயம். மௌனத்தை இரண்டு பாகமாகப் பிரித்தது. நிமிர்ந்து பார்த்தால், புலி குறட்டை விட்டுக்கொண்டிருந்தது.

புதருக்குள்ளிருந்து முள்ளம்பன்றி கிசுகிசுத்தது: "கிளம்புங்க சார். நல்லவேளை, தூங்கிடுச்சு."

கரடி நான்கு அடி நடந்தது. நின்றது. ஏதோ யோசித்தது. திரும்பி வந்து புலியின் தோளைத் தட்டியது.

"மன்னிக்க வேண்டும்," என்றது. "எந்த இடத்தில் கண்ணயர்ந்தீர்கள்? சருகுக்கு முன்பா, பின்பா?"

நீதி: சலிப்பூட்டும் எழுத்தும் எழுதியவன் உயிரைக் காக்கும்; அவன் வாசகரிடம் கருத்துக் கேட்காதவரை.