சேக்காட்டு ஹேக்கர்

ஒரு நல்ல மனிதரை, ஆயுத பூஜையும் அதுவுமாக, அவர் கடை வாசலில் பூசணிக்காயும் கையுமாக நின்றபோது, பத்துப் பேர் முன்னால் திருடன் என்று சொன்னவன் நான். எதைத் திருடினார் என்று கேட்காதீர்கள். சரி, கேட்டுவிட்டீர்கள். மின்சாரத்தை.

தொண்ணூறுகளின் கடைசி. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஆறு பேர் வேலை பார்த்த ஒரு கம்பெனியில், தொழிற்சாலை ஸ்டோர் ரூம்களுக்கு புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தேன். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. பூஜைக்கு முந்தின நாள் முதலாளி கூப்பிட்டார்.

"விஜயதசமி காலையில பூந்தமல்லி பார்ட்டிக்கு நீதான் போய் புரோகிராமைப் போட்டுக் காட்டணும். நல்லபடியா முடிஞ்சா நீ பர்மனென்ட். இல்லன்னா பேசிக்கலாம்."

("பேசிக்கலாம்" என்று அவர் சொன்ன பிறகு யாருடனும் பேசியதாகச் சரித்திரம் இல்லை.) கம்பெனியின் ஒரே லேப்டாப்பை என் கையில் கொடுத்தார். அவர் மைத்துனர் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது. கனத்தில் அம்மிக்கல்லுக்குத் தம்பி.

வீட்டுக்குப் போகும் வழியில் சேக்காட்டில் சேகர் நடத்திய பிரவுசிங் சென்டரில் இறங்கினேன். பார்ட்டிக்கு ஒரு மெயில் அனுப்ப வேண்டியிருந்தது. சேகர் தன் டெலிபோன் ஒயரை லேப்டாப்பில் செருகிக் கொடுத்தார். திரையை எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னா சார், பாஸ்வேர்டே போடாம வெச்சுகினு கீறே? எவனாச்சும் உள்ள பூந்துட்டா?" என்றார். நல்லெண்ணத்தில் சொன்ன வார்த்தை. ஆனால் நான் அந்த வாரம்தான் ஒரு பத்திரிகையில் ஹேக்கர்கள் பற்றிய கட்டுரை படித்திருந்தேன். அதில் பாதி புரிந்திருந்தது. புரியாமலே போயிருந்தால் நான் இதை எழுத வேண்டிய வேலையே இருந்திருக்காது.

மறுநாள் ஆயுத பூஜை. அப்பா ஆவடி தொழிற்சாலையில் ஃபிட்டர். நாங்கள் குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பாவின் ஸ்பானர்கள், அம்மாவின் தையல் மெஷின், அரிவாள்மணை, அயர்ன் பாக்ஸ் எல்லாம் பூஜையில் வரிசையாக இருந்தன. நடுவில் லேப்டாப்பை நானே கொண்டுபோய் வைத்தேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்க்க வசதியாக வாசல் பக்கம் திருப்பியும் வைத்தேன். அம்மா எல்லாவற்றுக்கும் சந்தனம் குழைத்து வைத்து, குங்குமப் பொட்டிட்டாள்.

பூஜை முடிந்ததும் லேப்டாப்பை எடுத்தேன். அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. திருநெல்வேலியை விட்டு வந்து இருபது வருடமாகியும் அவள் பேச்சு அங்கேயேதான் இருந்தது.

"ஏல, பூசையில வச்சத நாளைக்குத்தாம்ல எடுக்கணும்."

"நாளைக்கு டெமோம்மா" என்று சொல்லி, மூடியில் இருந்த பொட்டுகளைத் துடைத்துவிட்டு ஒத்திகை பார்க்க உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் ஓடியது. பேட்டரி குறைகிறது என்று காட்டியதும் சார்ஜரைச் செருகினேன். வழக்கத்தைவிட இறுக்கமாக இருந்தது. கட்டைவிரலால் அழுத்தி உள்ளே தள்ளினேன். விளக்கு எரியவில்லை. சற்று நேரத்தில் திரை இருண்டது. அதன் பிறகு எந்தப் பொத்தானை அமுக்கினாலும் பேச்சு மூச்சில்லை.

அப்பா டெஸ்டரை வைத்துப் பார்த்தார். "பிளக்குல கரன்ட் இருக்கே" என்றார். அவருடைய விசாரணை அத்துடன் முடிந்தது. என்னுடையது தொடங்கியது. நேற்று ஒயர் செருகியது யார்? பாஸ்வேர்டு இல்லை என்று கண்டுபிடித்தது யார்? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். சேகர் ஒயர் வழியாக உள்ளே புகுந்து பேட்டரியை உறிஞ்சிவிட்டார் என்று முடிவு செய்தேன். (எங்கள் வீட்டில் அப்போது டெலிபோனே கிடையாது. ஹேக்கர் உள்ளே வர வேண்டுமென்றால் செருப்பைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டுத்தான் வந்திருக்க வேண்டும்.)

சைக்கிளை மிதித்து சேக்காடு போனேன். கடை வாசலில் வாழைக்கன்று கட்டி, சேகர் பூசணிக்காயில் கற்பூரம் ஏற்றிச் சுற்றிக்கொண்டிருந்தார். சுற்றி ஒரு கூட்டம்.

"நீங்கதான் என் லேப்டாப்பை ஹேக் பண்ணியிருக்கீங்க. கரன்ட்டைத் திருடிட்டீங்க. நாளைக்கு என் வேலை போயிடும்" என்றேன்.

சேகர் என் பக்கம் திரும்பினார். கையிலிருந்த பூசணிக்காய் என் தலையை நோக்கி வரும் என்று நினைத்தேன். அவர் அதை ரோட்டில் போட்டு உடைத்தார். துண்டுகளை ஓரமாகத் தள்ளினார். பிறகு ஒரு கை பொரி அள்ளி என்னிடம் நீட்டினார்.

"மொதல்ல இத்த துன்னு சார். மூஞ்சி வெளுத்துப் போய்க் கீது. நான் திருடனா இல்லியான்னு அப்பால பாத்துக்கலாம். வா, உன் ஊட்டுக்குப் போவலாம்."

என்னிடம் திருடன் பட்டம் வாங்கிய ஆள் என்னையே பைக்கில் ஏற்றிக்கொண்டு வந்தார். லேப்டாப்பைத் திருப்பினார். பின்பக்கம் சார்ஜர் செருகும் துவாரத்தை டார்ச் அடித்துப் பார்த்தார். பிறகு அம்மாவிடம் திரும்பினார்.

"அம்மா, இந்த ஓட்டையில சந்தனம் வெச்சது நீங்களா?"

"ஆமாய்யா. மொதப் பொட்டே அங்கதான். கரன்டு போற எடந்தான உசிரு? நல்லா நெறைய அப்பி வச்சேன். பிள்ளைக்கு வேலை நெலைக்கணும்லா" என்றாள் அம்மா.

அம்மா அப்பியதை என் கட்டைவிரல் ஆழத்துக்கு அனுப்பியிருந்தது. வெயில் நாள் வேறு. உள்ளே சிமென்ட் போல இறுகிக் கிடந்தது. சேகர் துடைப்பத்திலிருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவி, முக்கால் மணி நேரம் பொறுமையாகச் சுரண்டினார். சார்ஜரைச் செருகினார். பச்சை விளக்கு எரிந்தது. நான் அழுதேன். இதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

"மன்னிச்சிடுங்க" என்றேன்.

"வுடு சார். அடுத்த தபா திருடன்னு சொல்றதுக்கு மின்னாடி ஒரு தபா ஓட்டைய எட்டிப் பாரு" என்றார். அம்மா அவரை சுண்டலும் சாப்பாடும் போடாமல் அனுப்பவில்லை.

மறுநாள் டெமோ நன்றாக நடந்தது. "லேப்டாப்புல சந்தன வாசனை வருதே" என்று பூந்தமல்லி பார்ட்டி மகிழ்ந்துபோனார். தெய்வ பக்தியுள்ள கம்பெனி என்று முதலாளியிடம் சொன்னாராம். நான் நிரந்தரமானேன். அந்த வேலைதான் எனக்கு வீடு, குடும்பம் எல்லாவற்றையும் கொடுத்தது. அம்மாவின் வேண்டுதலா, சேகரின் ஈர்க்குச்சியா என்று கேட்டால் இரண்டுக்கும் கும்பிடு போடுவேன். ஊர் முன்னால் அவமானப்படுத்தியவனை பைக்கில் ஏற்றிக்கொள்ளும் மனசு எனக்கு இன்றுவரை வரவில்லை.

இப்போதும் வீட்டில் கரன்ட் போனால் என் மகள் "சேகர் மாமா உறிஞ்சிட்டார்" என்பாள். அம்மா பொட்டு வைக்குமுன் ஒவ்வொரு சாமானையும் தூக்கி, "ஏல, இதுக்கு வாய் எது?" என்று கேட்டுக்கொள்கிறாள். சேகர் வேப்பம்பட்டுக்குக் குடிபோய்விட்டார். ஆனாலும் ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் முதல் போன் அவருடையதுதான்.

"சார், இந்த வருசம் இன்னும் ஒண்ணும் உறிஞ்சல. பொரி எடுத்து வெச்சுக் கீறியா, வரட்டா?"